ஆறு புத்தகத்துக்கு, ரெண்டு வண்டிக்கு

ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர்கள் சேர்ந்து இந்த வருஷம் ஒரு மலர் போடுகிறார்களாம். அதற்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று போன் வந்தது. தலைப்பையும் அவர்களே வைத்துவிட்டார்கள்: ‘கொடி பிடித்த கையில் சாக்பீஸ்’. தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயின்ட்ஸ்மேனாகச் சேர்ந்து, கூட்ஸ் கார்டாகி, கடைசியில் பயிற்சிப் பள்ளியில் இன்ஸ்ட்ரக்டராக ஓய்வு பெற்றவன் நான். என் கதை புதிதாக வருகிறவர்களுக்கு ஊக்கமாக இருக்கும் என்றார் பேசியவர். கலரில் படமும் போடுவார்களாம். ஆகட்டும் என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். வைத்த பிறகு கோபம் வந்தது. யார்மேல் கோபம் என்று யோசிக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

அவர்கள் கேட்ட கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் வந்தது. படித்துப் பார்த்தேன். ஒரு வரிகூடப் பொய் இல்லை, ஆனால் முழுதும் பொய். கிழித்துப் போட்டேன். இது வேறு கட்டுரை. போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

விருத்தாசலம் ஜங்ஷனில் வேலைக்குச் சேர்ந்தபோது நான் இதே ஊர்க் கல்லூரியில் பட்டம் வாங்கியிருந்தேன். பாயின்ட்ஸ்மேன் வேலைக்குப் பட்டம் தேவையில்லை. வேறு வேலை கிடைக்கவில்லை, வந்தேன். என்னைப் பழக்கியவர் ஒரு மூத்த பாயின்ட்ஸ்மேன். மங்கலம்பேட்டைக்காரர். எப்போதும் பீடி நாற்றம். புத்தகத்தில் இருந்த விதிகளை நான் மனப்பாடமாகச் சொன்னபோது சிரித்தார்.

விதி இதுதான். எஞ்சினைக் கழற்றிக்கொண்டு போனபின் கூட்ஸ் வண்டியைச் சும்மா நிறுத்திவைக்கக் கூடாது. தண்டவாளம் நம் கண்ணுக்குச் சமமாகத் தெரியும். சரிவு இருப்பது மழைத் தண்ணீருக்கும் வேகன் சக்கரத்துக்கும்தான் தெரியும். அதனால் வண்டியின் இரண்டு முனையிலும் ஆறு ஆறு வேகன்களுக்குக் கைப்பிரேக்கை இறுக்க வேண்டும். சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டை வைக்க வேண்டும். பிறகு ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

எழுதினால் நான்கு வரி. செய்தால் வேறு. கைப்பிரேக்கின் சக்கரம் துருப்பிடித்திருக்கும். சித்திரை வெயிலில் அதைத் தொட்டால் உள்ளங்கை வெந்துபோகும். வண்டியின் நீளம் அரை கிலோமீட்டருக்கு மேல், ஜல்லிக் கற்கள்மேல் நடக்க வேண்டும். இறுக்கினால் மட்டும் போதாது. மறுநாள் எஞ்சின் வந்ததும் பன்னிரண்டையும் தளர்த்த வேண்டும். அவசரத்தில் ஒன்றை மறந்தாலும் அந்தச் சக்கரம் சுழலாமல் தேய்ந்துகொண்டே போகும். வழியில் புகை வரும். வண்டி நிற்கும். யார் தளர்த்தவில்லை என்று மெமோ வரும். இறுக்காமல் விட்டதற்கு யாருக்கும் மெமோ வந்து நான் பார்த்ததில்லை, உருளாதவரை. மரக்கட்டையோ பாதி நாள் இருக்காது. டீக்கடை அடுப்புக்குப் போயிருக்கும்.

பழக்கியவர் சொன்னார்: “ஆறு புத்தகத்துக்கு, ரெண்டு வண்டிக்கு, கல்லு கடவுளுக்கு.”

அதாவது ரிஜிஸ்டரில் ஆறு என்று எழுது. முனைக்கு இரண்டு வேகன் மட்டும் இறுக்கு. மரக்கட்டைக்குப் பதில் ஒரு ஜல்லிக்கல்லைச் சக்கரத்தடியில் செருகு. மிச்சத்தைக் கடவுள் பார்த்துக்கொள்வார். நானும் அப்படியே செய்தேன். என் காலத்தில் எந்த வண்டியும் உருளவில்லை. உருளாததை என் திறமை என்று நினைத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. காற்றும் மழையும் தயவு பண்ணியதை நான் சர்வீஸ் என்று பெயர் வைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

இலாகா பரீட்சை எழுதி கார்டானேன். முதுகு வலி வந்தது. இன்ஸ்ட்ரக்டர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் மனுப் போட்டேன். மலருக்கு எழுதியிருந்தால் ‘கற்பிக்கும் ஆர்வத்தால்’ என்று எழுதியிருப்பேன். உண்மை என்னவென்றால் வீட்டில் சாப்பிட்டு வீட்டில் தூங்க ஆசைப்பட்டேன். பள்ளியில் இருந்த மற்றவர்களும் அநேகமாக அப்படி வந்தவர்களே. ஒருவர் கண் பரிசோதனையில் தேறவில்லை. இன்னொருவரை அதிகாரியோடு சண்டை போட்டதற்காக அனுப்பியிருந்தார்கள். லைனில் ஓட முடியாதவர்களை லைனில் ஓடப்போகிறவர்களுக்கு வாத்தியாராக்குவது எங்கள் வழக்கம். அது தப்பு என்று சொல்ல வரவில்லை. லைனைப் பார்த்தவனுக்குத்தான் லைன் தெரியும். ஆனால் லைனில் படிந்த அழுக்கையும் அவனே கொண்டுவருவான். அதைத் துடைத்துவிட்டு வா என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

என் வகுப்புக்குப் பெயர் இருந்தது. மற்றவர்கள் வகுப்பில் மதியம் தூங்குவார்கள், என் வகுப்பில் தூங்கமாட்டார்கள். காரணம் நான் புத்தகத்தை மூடுகிற நேரம். முதல் அரைமணி விதிப்படி நடத்துவேன். கரும்பலகையில் ஆறு என்று எழுதி வட்டம் போடுவேன். அதை நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்வேன். பாடம் புரிந்தது என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவேன். பிறகு புத்தகத்தைப் பட்டென்று மூடி, “பேனாவைக் கீழ வைங்க” என்பேன். அதற்காகவே காத்திருந்த மாதிரி வகுப்பு நிமிர்ந்து உட்காரும். பழக்கியவரின் வாக்கியத்தை அவர் குரலிலேயே பீடி பிடிக்கிற மாதிரி விரலை வைத்துக்கொண்டு சொல்வேன். கைதட்டுவார்கள்.

தெரியாமல் சொல்லிக்கொடுத்தேன் என்று நான் சொல்ல முடியாது. தெரியாதவன் பேனாவைக் கீழே வைக்கச் சொல்லமாட்டான்.

இந்தக் கட்டுரையை எழுத வைத்த பாயின்ட்ஸ்மேனும் அப்படியொரு வகுப்பில்தான் இருந்தார். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மறுபயிற்சிக்கு வருவார்களே, அந்த வகுப்பு. கம்மாபுரம் பக்கத்துக்காரர். சுரங்கத்துக்கு நிலம் போன குடும்பம். நிலத்துக்குப் பதில் வரும் என்று எதிர்பார்த்த வேலை வராமல், வயது வரம்பு முடிகிற சமயத்தில் பரீட்சை எழுதி ரயில்வேக்கு வந்தவர். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். முதல் வரிசையில் உட்கார்ந்து நான் இருமியதைக்கூட எழுதிக்கொள்கிற ஆள். நான் பேனாவைக் கீழே வைக்கச் சொல்லி, வாக்கியத்தைச் சொல்லி, சிரிப்பெல்லாம் அடங்கிய பிறகு அவர் எழுந்து நின்று கேட்டார்: “ஆறும் போட்டா என்னா சார் தப்பு?”

ஒழுங்கான கேள்வி. என் சர்வீஸில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரே ஒழுங்கான கேள்வி என்றுகூடச் சொல்லலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? வகுப்பைப் பார்த்துக் கண்ணடித்தேன்.

“போடலாமே. நீ பன்னெண்டும் போட்டு முடிக்கறதுக்குள்ள வண்டி பென்ஷன் வாங்கிட்டு வூட்டுக்குப் போயிடும்.”

வகுப்பு உருண்டு சிரித்தது. அவரும் கொஞ்சம் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். அந்த வாரம் முழுதும் கேன்டீனில் அவரைப் ‘பன்னெண்டு’ என்று கூப்பிட்டார்கள். நானும் ஒருமுறை கூப்பிட்டேன்.

பயிற்சி முடிந்து ஊருக்குப் போய் அவர் இரண்டு போடத் தொடங்கியிருக்கிறார். அதற்கு முன்பு ஆறு போட்டுக்கொண்டிருந்தவர். இது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. தெரிந்த நாளிலிருந்து என் சாப்பாட்டில் மண் விழுந்த மாதிரி இருக்கிறது.

சம்பவம் நடந்தது ஒரு சின்ன ஸ்டேஷனில். அதன் பெயர் வேண்டாம். ஒரு கூட்ஸ் வண்டியைப் பக்கத்துத் தண்டவாளத்தில் நிறுத்திவிட்டு எஞ்சினைக் கொண்டுபோய்விட்டார்கள். அவர் முனைக்கு இரண்டு இறுக்கினார். கல் செருகினார். ஆறு என்று எழுதினார். சாயங்காலம் கோடை மழை, பெரிய காற்று. கல் நொறுங்கியது. வண்டி மெல்ல நகர்ந்தது. ஓடிப்போய் இன்னும் இரண்டு வேகனின் பிரேக்கை அவர் இறுக்கப் பார்த்திருக்கிறார், கை வழுக்கியிருக்கிறது. உருண்டு வருகிற வண்டி மெயின் லைனுக்குள் நுழையாமல் தரையில் இறக்கிவிட அங்கே ஓர் ஏற்பாடு உண்டு. அது தன் வேலையைச் செய்தது. ஆனால் இறங்கிய வேகன்கள் மெயின் லைன் பக்கமாகச் சாய்ந்துவிட்டன. அந்த லைனில் ஒரு பாசஞ்சர் வண்டி வந்துகொண்டிருந்தது. அவர் அந்த மழையில் சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு எதிரே ஓடினார். வண்டி நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

கொடி பிடித்து ஓடியதற்கு யாரும் மதிப்பெண் போடவில்லை. ரிஜிஸ்டரில் ஆறு, வண்டியில் இரண்டு. பொய் எழுதினார் என்று சார்ஜ் ஷீட். அவர் என்கொயரியில் மறைக்காமல் சொன்னார்: இரண்டுதான் போட்டேன், பள்ளியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள் என்று.

என்னைச் சாட்சிக்கு அழைத்தார்கள். ஓய்வு பெற எனக்கு எட்டு மாதம் இருந்தது. பென்ஷன் போய்விடுமோ என்று பயந்தேன், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பயம் பாதிதான். மீதி, அந்த வருஷம் சிறந்த பயிற்றுநர் பட்டியலில் என் பெயர் இருந்தது. அந்தச் சால்வை எனக்கு வேண்டியிருந்தது. ஒரு மனிதனின் வேலைக்கும் ஒரு சால்வைக்கும் நடுவில் நான் நின்றேன்.

பாட ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு போனேன். ‘ஆறு வேகன்கள்’ என்று என் கையெழுத்தில் அழகாக இருந்தது. கீழே அவருடைய கையெழுத்து. அவருக்காக வாதாட வந்திருந்த யூனியன்காரர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். புத்தகத்தை மூடிய பிறகு வேறு ஏதாவது சொன்னீர்களா?

“இல்லை” என்றேன்.

அந்த பாயின்ட்ஸ்மேன் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். கோபப்படவில்லை. நான் தப்பாக எதையோ சொல்லிவிட்டேன், இப்போது திருத்திக்கொள்வேன் என்று காத்திருக்கிற மாதிரி என்னைப் பார்த்தார். நான் ரிஜிஸ்டரை மூடினேன். அந்த வகுப்பில் இருந்த மற்றவர்களையும் கேட்டார்கள். ஒருவருக்கும் எதுவும் நினைவில்லை. கைதட்டிய அத்தனை கைகளும் சட்டைப் பைக்குள் போய்விட்டன. அவர்கள்மேலும் எனக்குக் கோபம் உண்டு. வண்டி ஏன் தாமதம் என்று போனில் கத்துகிற, இரண்டுதான் போடுகிறார்கள் என்று நன்றாகத் தெரிந்த அதிகாரிகள்மேலும் உண்டு. ஆனால் அந்தக் கோபங்களுக்குப் பின்னால் போய் நான் ஒளிந்துகொள்ள முடியாது. வகுப்பில் சாக்பீஸ் என் கையில் இருந்தது.

அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். மேல்முறையீடும் தள்ளுபடியானது. எனக்குச் சால்வை போட்டார்கள்.

ஓய்வுக்குப் பிறகு நான் விருத்தாசலத்துக்கே திரும்பினேன். அவரும் இதே ஊரில்தான் குடியிருந்தார். செராமிக் கம்பெனிகள் இருக்கிற பக்கம், கரண்டு ஃபியூஸ்களுக்குப் பீங்கான் செய்கிற ஒரு சின்ன இடத்தில் வேலை. ஒருநாள் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பார்த்தேன். முழங்கை வரைக்கும் வெள்ளை மண் காய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும், “சார், நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதன் பிறகு அந்தத் தெரு வழியாகப் போவதில்லை. மார்க்கெட்டுக்குச் சுற்றிக்கொண்டு போவேன். வீட்டில் கேட்டதற்கு நடைப்பயிற்சி என்றேன்.

மலருக்கு எழுதியதைக் கிழித்த அன்றே வேறொரு காகிதம் எடுத்தேன். நீக்கப்பட்டவர் கடைசியாக ஒரு மறுபரிசீலனை மனுப் போடலாம், புதிய சாட்சியம் இருந்தால் தாமதத்தையும் மன்னிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இன்ஸ்ட்ரக்டருக்கு விதிகள் தெரியாமல் இருக்குமா? அவ்வளவு காலமும் தெரிந்தே இருந்தது. அவருக்கு இன்னும் பதினைந்து வருஷ சர்வீஸ் மிச்சம் இருக்கிறது. ஒரு வாக்குமூலம் எழுதினேன். பையில் போட்டுக்கொண்டு அவர் வீட்டைத் தேடிப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் அவர் மனைவி துணி அலசிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னேன். கையைப் புடவையில் துடைத்தபடி கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஓ, ஆறு சாரா? உள்ள வாங்க.”

அந்த வீட்டில் என் பெயர் அது என்று அப்போது தெரிந்தது.

அவர் உள்ளே இருந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். காகிதத்தைக் கொடுத்தேன். அவர் படித்தார், மனைவி பின்னால் நின்று படித்தார். அதில் நான் இப்படி எழுதியிருந்தேன்: வகுப்பில் விதிகளோடு நடைமுறை சார்ந்த சில கருத்துகளும் பகிரப்பட்டிருக்கக்கூடும், அவை பயிற்சி பெற்றவரால் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கலாம், இதனைக் கருணையோடு பரிசீலிக்க வேண்டும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதிய வாக்கியம். மனந்திருந்தி எழுதுகிறேன் என்று நம்பிக்கொண்டே எழுதினேன். அப்போதுகூட என் கை ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தது.

அவர் படித்து முடித்தார். மனைவிதான் பேசினார்.

“இவரு ஆறுன்னு எழுதிட்டு ரெண்டு போட்டாரு. வேலை போச்சு. நீங்க இதுல என்னா எழுதிட்டு எவ்ளோ போட்டிருக்கீங்க சார்?”

சத்தமாகச் சொல்லவில்லை. காய்கறி விலை கேட்கிற குரல். எனக்கு முகம் எரிந்தது. இவ்வளவு தூரம் வந்தேனே, இவர்களுக்கு அது தெரியவில்லையா என்று ஒரு கணம் எனக்கு அவர்கள்மேல் கோபம் வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். வந்தது.

அவர் எழுந்து போய் மகளின் நோட்டிலிருந்து இரண்டு தாள் கிழித்து வந்தார். தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை அதன்மேல் வைத்து என் பக்கம் தள்ளினார். பாயின்ட்ஸ்மேனாக இருந்தபோது வைத்திருந்த பழக்கம் போலிருக்கிறது, பையில் இன்னும் பேனா இருந்தது.

“ரெண்டுன்னு எழுதுங்க சார். கல்லுன்னு எழுதுங்க. நீங்க சொன்ன மாதிரியே எழுதுங்க.”

எழுதினேன். ஆறு புத்தகத்துக்கு, ரெண்டு வண்டிக்கு, கல்லு கடவுளுக்கு. வகுப்பில் எத்தனையோ முறை சொன்ன வாக்கியத்தை முதல்முறையாகக் காகிதத்தில் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைக்கச் சொன்னதை எழுதினேன். அவர் கேட்ட கேள்வியையும் நான் சொன்ன பதிலையும் எழுதினேன். என்கொயரியில் இல்லை என்று சொன்னது பொய் என்று எழுதினேன். கையெழுத்துப் போடப் போனபோது அவர் நிறுத்தினார்.

“எங்க பேட்ச்சுக்கு மட்டுந்தான் சொன்னீங்களா?”

“இல்ல. எல்லாப் பேட்ச்சுக்கும்.”

“எத்தினி வருஷம்?”

“இருந்த வரைக்கும்.”

“அதையும் எழுதுங்க” என்றார்.

அங்கேதான் பேனா நின்றது. அதுவரை எனக்கு ஒரு மனிதனின் வேலைதான் கண்ணில் இருந்தது. அந்த வரியை எழுதும்போது ஒவ்வொரு பேட்ச்சும் வரிசையாக முன்னால் வந்து உட்கார்ந்தது. அவர்கள் எல்லோரும் இன்று எங்கெங்கோ ஸ்டேஷன்களில் வேலை பார்க்கிறார்கள். சிலர் இப்போது மற்றவர்களுக்குப் பழக்கிக்கொடுக்கிறவர்களாக இருப்பார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையும் யாரோ ஒருவர் என் வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே குனிந்து ஒரு கல்லைச் செருகிக்கொண்டிருப்பார். பென்ஷன் ஜோக்கையும் சொல்லியிருப்பார். நன்றாக இருந்த ஜோக் அது.

எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் அதையும் எழுதித் தரச் சொல்லி அந்த அம்மா இன்னொரு தாள் கிழித்து நீட்டியிருப்பார். போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். மழை வர்ற மாதிரி இருக்குது, பார்த்துப் போங்க என்றார் அவர்.

மனுவோடு அந்த வாக்குமூலத்தையும் சேர்த்து அனுப்பினார்கள். நான் தனியாகப் பயிற்சிப் பள்ளிக்கும் ஒரு நகல் அனுப்பினேன், என்னிடம் படித்தவர்களை எல்லாம் மறுபடி கூப்பிடுங்கள் என்று எழுதி. பள்ளியிலிருந்து பதில் இல்லை. மனுவுக்குப் பதில் வந்தது. என்கொயரியைத் திரும்பத் திறக்கிறார்கள். சாட்சியாக என்னை வரச்சொல்லி எனக்கும் கடிதம் வந்திருக்கிறது. என்மேல் நடவடிக்கை எடுக்க வாய்ப்பு உண்டு என்பதையும் அதிலேயே எழுதியிருக்கிறார்கள். எடுக்கட்டும்.

கடிதம் வந்த அன்று அவரிடமிருந்து போன் வந்தது. தேதியைச் சொல்லி, வருவீர்களா என்று கேட்டார். கட்டாயம் வருகிறேன் என்றேன். உடம்பு எப்படி இருந்தாலும் வருகிறேன் என்றும் சொன்னேன்.



“அன்னைக்கு என்கொயரிக்கும் வந்தீங்க சார்” என்றார். போனை வைத்துவிட்டார்.